கையெழுத்து யாருடையது?

மருத்துவச்சி என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று கவனியுங்கள். மருத்துவன் என்பதற்குப் பெண்பால். அவ்வளவுதான். பிரசவம் பார்க்கிற பெண்ணுக்கு உதவியாள் என்றோ பணிப்பெண் என்றோ நம் முன்னோர் பெயர் வைக்கவில்லை. வைத்தியம் செய்கிறவள் என்றே வைத்தார்கள்.

பெயரில் கொடுத்த மரியாதையைத் தெருவில் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். நடுராத்திரி வலி எடுத்தால் அவள் வீட்டுக்கு ஓடுவார்கள். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதும் நெல்லை அளந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுவாரம் எதிரே வந்தால் ஒதுங்கிப் போவார்கள்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்க இதே கதைதான். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு பெண். மருத்துவச்சி அல்லது நர்ஸ். மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் இன்னொருவருக்கு. அவர் எங்கோ இருப்பார். அந்தக் கையெழுத்து இந்தப் பெண்ணின் கைக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆனது, இடையில் என்னென்ன நடந்தது என்பதுதான் இந்த வாரம்.

முதலில் ஒரு கணக்கு. நிறைமாதக் கர்ப்பிணியின் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கும் மேலாக ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கவேண்டும். அந்த இறுக்கத்தில்தான் திறந்து கிடக்கிற ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்ளும். சுருங்கவில்லை என்றால்? குழாயைத் திறந்து விட்ட மாதிரிதான். உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே ஐந்தாறு லிட்டர். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டால் சுமார் இரண்டு மணி நேரம் என்கிறார்கள் மகப்பேறு நிபுணர்கள். உலகத்தில் இன்றைக்கும் ஆண்டுதோறும் பல்லாயிரம் தாய்மார்கள் இப்படித்தான் போகிறார்கள்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. இருக்கிறது. ஊசியாகவும் இருக்கிறது, மாத்திரையாகவும் இருக்கிறது. விலையும் பிரமாதமில்லை. பிரச்னை, அதை யார் கொடுப்பது? டாக்டர் வருவதற்கு மூன்று மணி நேரம் ஆகும். தாயிடம் இருப்பதோ இரண்டு மணி நேரம். பக்கத்திலேயே மருத்துவச்சி இருக்கிறாள். மருந்து டப்பா அலமாரியில் இருக்கிறது. சட்டம் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறது.

பி.காம். படித்தவர்களுக்கு ஹென்றி ஃபயோல் ஞாபகம் இருப்பார். பிரெஞ்சுக்காரர். சுரங்கக் கம்பெனி நடத்தியவர். 1916-ல் நிர்வாகத்துக்கென்று 14 விதிகள் எழுதி வைத்துவிட்டுப் போனார். நானும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன்தான். அதில் இரண்டாவது விதி அதிகாரமும் பொறுப்பும் பற்றியது. ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் அதற்கேற்ற அதிகாரத்தையும் கொடுக்கவேண்டும். அதிகாரத்தைக் கொடுத்தால் பொறுப்பையும் தலையில் கட்டவேண்டும். ஒன்று இல்லாமல் இன்னொன்று ஆகாது. கேஷியரிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, சாவியை மேனேஜர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் கடை நடக்குமா? மருத்துவ உலகத்தில் இந்தக் கடையைத்தான் ரொம்ப காலம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்தைக் கண்டுபிடித்ததே மருத்துவச்சிகள்தான்.

ரை என்று ஒரு தானியம். ஐரோப்பாவின் குளிர்ப் பிரதேசங்களில் ஏழை ஜனங்களின் ரொட்டி அதில்தான். மழை ஜாஸ்தியான வருடங்களில் கதிரில் ஒரு காளான் தொற்றும். தானிய மணி இருக்கவேண்டிய இடத்தில் கருநீலமாகக் கொம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எர்காட் என்று பெயர். ரொட்டி மாவில் அது நிறையக் கலந்துவிட்டால் ஊரே காலி. கை கால் கருகி உதிரும். வலிப்பு வரும். கர்ப்பிணிகளுக்குக் கரு கலையும்.

இந்த விஷத்திலிருந்து அளவோடு கொஞ்சம் எடுத்தால் கர்ப்பப்பை சுருங்கும் என்பதை யாரோ ஒரு பெண் கவனித்திருக்கிறாள். எந்த ஊர், என்ன பெயர், தெரியாது. ஆனால் 1582-ல் ஜெர்மனியில் ஆடம் லோனிட்சர் என்கிற மருத்துவர் தன் மூலிகைப் புத்தகத்தில் இதை எழுதிவிட்டார். பெண்கள் பிரசவத்துக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று. அதாவது, அவர் எழுதுவதற்கு முன்னாலேயே அது பெண்களின் கையில் புழங்கிக்கொண்டிருந்த சரக்கு.

சுமார் 225 வருடம் கழித்து, 1808-ல், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து டாக்டர் ஜான் ஸ்டேர்ன்ஸ் ஒரு மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இழுத்துக்கொண்டே போகிற பிரசவத்தை இந்தப் பொடி சட்டென்று முடித்து வைக்கிறது, டாக்டருக்கு நிறைய நேரம் மிச்சமாகிறது என்றார். கவனியுங்கள், டாக்டருக்கு நேரம் மிச்சம். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தை வெளியே வருவதற்கு முன்னாலேயே கொடுத்தார்கள். கர்ப்பப்பை இறுகிப் பிடித்த பிடியில் குழந்தைகள் செத்துப் பிறந்தன. 1824-ல் டேவிட் ஹோசாக் என்கிற இன்னொரு நியூயார்க் டாக்டர் பொறுக்கமாட்டாமல் எழுதினார். இதைப் பிரசவப் பொடி என்று சொல்லாதீர்கள், மரணப் பொடி என்று சொல்லுங்கள். குழந்தை பிறந்தபிறகு ரத்தப்போக்கை நிறுத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோசாக் சொன்னதுதான் சரி என்று மருத்துவம் பின்னால் ஒப்புக்கொண்டது. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. அந்தக் குழந்தைகள் செத்தபோது மருந்து படிக்காதவர் கையில் இல்லை. படித்த டாக்டர்களின் கையில்தான் இருந்தது. பட்டம் இருந்தது. எப்போது கொடுக்கவேண்டும் என்கிற அறிவு இல்லை.

கதை இன்னும் முடியவில்லை. எர்காட்டிலிருந்து சத்தைப் பிரிக்க வேதியியல் நிபுணர்கள் படாதபாடு பட்டார்கள். தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற சாற்றில் ஒன்றும் இல்லை, அது வீண் என்று முடிவு கட்டி வைத்திருந்தார்கள். 1932-ல் லண்டனில் ஜான் சாசர் மாய்ர் என்கிற இளம் டாக்டர், அந்த வீண் சாற்றையே பிரசவமான பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில நிமிடங்களில் கர்ப்பப்பை இறுகியது. சத்து அதில்தான் இருந்தது! 1935-ல் அவரும் ஹரால்ட் டட்லி என்கிற வேதியியல் நிபுணரும் அதைத் தனியே பிரித்து எடுத்தார்கள். எர்கோமெட்ரின். இன்றைக்கும் பிரசவ வார்டுகளில் இருக்கிற மருந்து. மருத்துவச்சிகளின் பழைய சரக்கு 350 வருடம் சுற்றிவிட்டு, கண்ணாடிக் குப்பியில் அடைபட்டு வந்தது.

ஆனால் இந்த முறை அதன்மீது ஒரு பூட்டு இருந்தது.

அந்தப் பூட்டு எப்படி வந்தது என்று தெரியவேண்டுமானால் பிரிட்டனுக்குப் போகவேண்டும். 1858-ல் அங்கே மருத்துவச் சட்டம் வந்தது. பதிவுபெற்ற டாக்டர் யார் என்பதற்கு ஒரு பட்டியல். நல்ல காரியம்தான். போலி வைத்தியர்களிடம் ஜனங்கள் ஏமாறிக்கொண்டிருந்த காலம். மருத்துவச்சிகளுக்கு அப்படி ஒரு பட்டியல் வர மேலும் 44 வருடம் ஆனது. 1902-ல் மருத்துவச்சிகள் சட்டம். பயிற்சி வேண்டும், பதிவு வேண்டும், மேற்பார்வை வேண்டும் என்றது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள மத்திய மருத்துவச்சிகள் வாரியம் என்று ஒன்று. அந்த வாரியத்தில் ஒரு மருத்துவச்சியாவது இருந்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் எழுதவில்லை. டாக்டர்கள்தான் பெரும்பான்மை.

விதி இதுதான். பிரசவம் சுகமாக நடந்தால் மருத்துவச்சி பார்த்துக்கொள்ளலாம். சிக்கல் என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடவேண்டும். கூப்பிடாவிட்டால் அவள்மீது நடவடிக்கை. கூப்பிட்டால்? வருகிற டாக்டருக்கு ஃபீஸ் யார் கொடுப்பது என்று சட்டம் சொல்லவில்லை. பிரசவமானது கூலித் தொழிலாளியின் மனைவி. வீட்டில் ரொட்டிக்கே காசு இல்லை. இதற்குப் பதில் சொல்ல 1918-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. உள்ளூர் நிர்வாகம் டாக்டரின் ஃபீஸைக் கொடுக்கும் என்றார்கள். இடைப்பட்ட பதினாறு வருடம் பொறுப்பு மருத்துவச்சியிடம், அதிகாரம் டாக்டரிடம், பில் யாரிடமும் இல்லை!

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டு நெகிழ்ந்தது. வலியைக் குறைக்கிற வாயு மெஷினை மருத்துவச்சிகள் பயன்படுத்தலாம் என்று 1936-ல் வாரியம் ஒப்புக்கொண்டது. 1950-ல் பெத்திடின் ஊசி போடலாம் என்றார்கள். பெத்திடின் சாதாரண மருந்தில்லை. போதைப் பட்டியலில் இருக்கிற மருந்து. அதையே மருத்துவச்சியை நம்பிக் கொடுத்தார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

இதே காலத்தில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி இந்தப் பூட்டுக்கு வேறு மாதிரி ஒரு சாவி செய்துகொண்டிருந்தார். அவரைப் பார்க்காமல் தாண்டிப் போகமுடியாது.

மேரி பிரெக்கின்ரிட்ஜ். அமெரிக்காவில் பெரிய அரசியல் குடும்பம். 1916-ல் பெண் குழந்தை பிறந்த சில மணி நேரத்தில் இறந்தது. இரண்டு வருடம் கழித்து நான்கு வயது மகனும் போய்விட்டான். வேறு யாராவதாக இருந்தால் உடைந்து உட்கார்ந்திருப்பார்கள். இவர் நர்ஸ் படித்தவர். லண்டனுக்குப் போய் மருத்துவச்சிப் பயிற்சியும் எடுத்துக்கொண்டு வந்தார். 1925-ல் கென்டக்கி மாநிலத்தின் மலைக் கிராமங்களில் தாய் சேய் சேவையை ஆரம்பித்தார். ஃபிரான்டியர் நர்ஸிங் சர்வீஸ் என்று பின்னால் பெயர் பெற்றது. ரோடு கிடையாது. டாக்டர் கிடையாது. நர்ஸ்கள் குதிரையில் போனார்கள். சேணப் பையில் மருந்து, கத்திரி, துணி, சோப்பு எல்லாம் தொங்கும். ஓடையில் வெள்ளம் வந்தால் குதிரையோடு நீந்திக் கடக்கவேண்டும்.

சரி, மருந்து கொடுக்கிற அதிகாரம்? பிரெக்கின்ரிட்ஜ் சட்டத்தோடு மல்லுக்கட்டவில்லை. லெக்ஸிங்டன் நகரத்து டாக்டர்களை உட்காரவைத்து ஒரு கையேடு எழுதி வாங்கினார். இன்ன அறிகுறி இருந்தால் இன்ன மருந்து, இன்ன அளவு, அதற்கு மேல் போனால் டாக்டருக்கு ஆளனுப்பு. டாக்டரின் கையெழுத்து முன்கூட்டியே போடப்பட்டு நர்ஸின் பையில் இருந்தது. எங்கள் கணக்குவழக்கு பாஷையில் சொன்னால், தொகை வரம்பு எழுதிக் கையெழுத்துப் போட்ட செக்.

பலன்? மெட்ரோபாலிட்டன் லைஃப் என்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புள்ளிவிவர நிபுணர் லூயிஸ் டப்ளின் முதல் 1,000 பிரசவங்களை அலசினார். இன்ஷூரன்ஸ்காரர்களுக்குச் சாவைப் பற்றி சென்டிமென்ட் கிடையாது. அது அவர்களுக்குக் காசு. கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ நேரடியாக இறந்தவர் ஒருவர்கூட இல்லை என்று கணக்கு வந்தது. இறந்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு நாள்பட்ட இதய நோய், இன்னொருவருக்குச் சிறுநீரக நோய். மலையில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், குதிரையில் வந்த நர்ஸ்கள் பார்த்த பிரசவங்கள் இவை.

பிரசவத்தில் உயிர் சட்டென்று போய்விடும் என்பதால் சட்டம் எங்கேயும் கொஞ்சம் வளைந்துகொடுத்தது. மற்ற நோய்களுக்குப் பார்க்கிற நர்ஸ்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. அவர்களின் கதைக்காகத் திரும்பவும் பிரிட்டனுக்கு வருவோம்.

1968-ல் அங்கே மருந்துச் சட்டம் வந்தது. மருந்துச் சீட்டு எழுத மூன்றே பேருக்கு உரிமை. டாக்டர், பல் டாக்டர், கால்நடை டாக்டர். கவனித்தீர்களா? கால்நடை டாக்டர் மாட்டுக்கு எழுதலாம். நர்ஸ் மனிதருக்கு எழுதக்கூடாது.

இதன் அர்த்தம் நடைமுறையில் என்ன? பிரிட்டனில் மாவட்ட நர்ஸ்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. வீடு வீடாகப் போய் வயதானவர்களையும் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களையும் பார்க்கிறவர்கள். ஒரு பாட்டிக்குக் காலில் ஆறாத புண். நர்ஸ் வாரத்தில் மூன்று நாள் போய்க் கட்டு மாற்றுகிறார். புண்ணைப் பார்த்ததுமே இதற்கு எந்தக் கட்டுத் துணி, எந்தக் களிம்பு என்று அவருக்குத் தெரியும். டாக்டருக்கு அவ்வளவு தெரியாது, ஏனென்றால் அவர் அந்தப் புண்ணைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் நர்ஸ் என்ன செய்யவேண்டும்? கிளினிக்குக்குப் போகவேண்டும். டாக்டர் ஓய்வாகிற வரைக்கும் வராந்தாவில் காத்திருக்கவேண்டும். தான் சொல்வதை அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடவேண்டும். பாட்டி அதுவரைக்கும் பழைய கட்டோடு படுத்திருப்பாள்.

எழுதியவருக்கு விஷயம் தெரியாது. விஷயம் தெரிந்தவர் எழுதவில்லை. தவறு நடந்தால் யாரைக் கேட்பது? ஃபயோலின் ஆவி அழுதிருக்கும்.

1986-ல் ஜூலியா கம்பர்லெஜ் என்கிற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு இதையெல்லாம் நோட்டம் விட்டு அறிக்கை கொடுத்தது. ஜூலியா நர்ஸ் இல்லை, டாக்டரும் இல்லை. பொது நிர்வாகத்தில் இருந்தவர். அதனால்தானோ என்னவோ பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட பட்டியலிலிருந்து நர்ஸ்களே எழுதட்டும் என்றது குழு. 1989-ல் ஜூன் கிரௌன் என்கிற பெண் டாக்டரின் தலைமையில் இன்னொரு குழு. அதுவும் ஆமாம் என்றது. 1992-ல் சட்டம் நிறைவேறியது. அதுகூட அரசாங்கம் கொண்டுவந்ததில்லை. ரோஜர் சிம்ஸ் என்கிற எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா.

சட்டம் வந்துவிட்டதே, மறுநாளே ஆரம்பித்துவிட்டார்களா? ம்ஹூம். கஜானா தயங்கியது. எழுதுகிற கை கூடினால் மருந்துச் செலவும் கூடுமே! 1994-ல் எட்டே எட்டு இடங்களில் வெள்ளோட்டம் விட்டார்கள். நாடு முழுக்கப் பரவ 1998 ஆகிவிட்டது. அப்போதும் பட்டியலில் என்ன இருந்தது தெரியுமா? கட்டுத் துணி, மலமிளக்கி, பாராசிட்டமால், பேன் மருந்து. பேன் மருந்து எழுதிக்கொடுக்க 12 வருடம்!

டாக்டர்கள் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. அதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடக்கூடாது. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. மருந்து எழுதுவது பெரிய வித்தை இல்லை, நோய் எது என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. இருமல் என்று வருகிறவருக்கு இருமல் மருந்து யாரும் எழுதலாம். அது சளியா, காசமா, இதயக் கோளாறா என்று பிரித்துப் பார்க்கத்தான் இத்தனை வருடப் படிப்பு. ஒரு மருந்து இன்னொரு மருந்தோடு மோதினால்? ஆளாளுக்கு ஆன்டிபயாடிக் எழுத ஆரம்பித்தால்?

ஆனால் கையெழுத்து உரிமை இருந்துவிட்டாலே எல்லாம் பத்திரம் என்கிற நம்பிக்கையும் அதே காலத்தில்தான் உடைந்தது. ஹரால்ட் ஷிப்மன் என்கிற பிரிட்டிஷ் குடும்ப டாக்டர், தன்னிடம் வந்த 15 பேரைக் கொலை செய்ததாக 2000-ம் ஆண்டு ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். ஆயுதம், மருந்து ஊசி. அந்த மருந்தை வாங்கியது அவருடைய சொந்தக் கையெழுத்தில். நர்ஸ்களிலும் கொலையாளிகள் பிடிபட்டதுண்டு. ஆக, காவல் வேண்டியது பட்டத்துக்கு இல்லை, பயிற்சிக்கும் கண்காணிப்புக்கும் என்பது புரிய ஆரம்பித்தது.

2002-ல் பட்டியலை நீட்டினார்கள். 2003-ல் டாக்டரோடு சேர்ந்து திட்டம் போட்டு எழுதலாம் என்றார்கள். 2006 மே 1. தகுதி பெற்ற நர்ஸ்களும் மருத்துவச்சிகளும் தங்கள் திறமைக்கு உட்பட்ட எந்த நோய்க்கும், சில போதை மருந்துகள் தவிர ஏறக்குறைய எந்த மருந்தையும், தாங்களே எழுதலாம் என்பது நடைமுறைக்கு வந்தது. முன்னணி டாக்டர்கள் சிலர் பொறுப்பற்ற செயல், ஆபத்து என்று கொதித்தார்கள். 2012-ல் போதை மருந்துப் பட்டியலும் பெரும்பாலும் திறந்துவிடப்பட்டது.

சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. நர்ஸாகச் சில வருட அனுபவம் வேண்டும். அதன்பிறகு 26 நாள் வகுப்பு, 12 நாள் ஒரு டாக்டரின் கண்காணிப்பில் பயிற்சி, அதற்கு மேல் பரீட்சை என்று வைத்தார்கள். மிக முக்கியமாக, தனக்குத் தெரியாத நோய்க்கு எழுதக்கூடாது. எழுதினால் லைசென்ஸ் போகும். கையெழுத்தோடு சேர்த்துக் கழுத்தையும் கொடுக்கவேண்டும். ஃபயோல் சொன்னதும் இதைத்தானே?

ஆபத்து வந்ததா? 2016-ல் காக்ரேன் என்கிற அமைப்பு ஓர் அலசலை வெளியிட்டது. மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்ப்பதே அவர்கள் வேலை. டாக்டர் அல்லாதவர்கள், பெரும்பாலும் நர்ஸ்களும் மருந்தாளுநர்களும், மருந்து எழுதுவது பற்றி வந்த 46 ஆய்வுகளை எடுத்துக்கொண்டார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றைக் கட்டுப்படுத்துவதில் டாக்டர்கள் எழுதியதற்குச் சமமான பலன் என்று முடிவு வந்தது. போதிய பயிற்சியும் ஆதரவும் இருந்தால், என்று சேர்த்துச் சொன்னார்கள். அந்தக் கடைசி வரியை மறந்துவிடக்கூடாது.

அதே 2006-ல்தான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலமும் உயர்பயிற்சி பெற்ற நர்ஸ்களுக்கு மருந்து எழுதும் உரிமையைக் கொடுத்தது. ஐம்பது மாநிலங்களில் அதுதான் கடைசி. அதே 2006-ல் இன்னொரு சம்பவம் நடந்தது. இது நமக்குப் பக்கத்தில். கர்நாடகத்தில்.

பெல்காம் மாவட்டத்தின் கிராமங்கள். பிரசவம் பார்க்கிறவர்கள் ஏ.என்.எம். எனப்படும் துணை நர்ஸ் மருத்துவச்சிகள். நம் ஊரில் கிராம சுகாதார நர்ஸ் என்று சொல்கிறோமே, அவர்கள்தான். டாக்டர் பக்கத்தில் கிடையாது. ஆக்ஸிடோசின் ஊசி நல்ல மருந்துதான், ஆனால் குளிரில் வைத்துப் பாதுகாக்கவேண்டும். கரன்ட்டே இல்லாத ஊரில் ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது? மிசோப்ரோஸ்டால் என்று ஒரு மாத்திரை. முதலில் வயிற்றுப் புண்ணுக்காக வந்த மருந்து. கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் என்று பின்னால் தெரிந்தது. ஃபிரிட்ஜ் வேண்டாம், ஊசி வேண்டாம்.

2002-லிருந்து 2005 வரைக்கும் 1,620 பெண்களிடம் சோதித்தார்கள். குழந்தை பிறந்ததும் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. கொடுத்தது கிராமத்து ஏ.என்.எம்.கள். 2006 அக்டோபரில் லான்செட் பத்திரிகையில் முடிவு வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு ரத்தப்போக்கு. நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் 6.4 சதவீதம். ஏறக்குறையப் பாதி. கடுமையான ரத்தப்போக்கு 1.2 சதவீதத்திலிருந்து 0.2 ஆனது. 18 பெண்களுக்கு மாத்திரை கொடுத்தால் ஒருவருக்கு ரத்தப்போக்கு தடுக்கப்படுகிறது என்று கணக்கு.

டாக்டர் இல்லாத ஊரில், டாக்டர் இல்லாமல், ஒரு ஏ.என்.எம். சரியான மருந்தைச் சரியான நேரத்தில் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2011-ல் உலக சுகாதார நிறுவனம் பிரசவ ரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்தாக மிசோப்ரோஸ்டாலை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இந்தியச் சட்டமும் பழைய பூட்டுதான். 1945-ம் வருட மருந்து விதிகளின்படி, சீட்டுக்கு மட்டுமே விற்கவேண்டிய மருந்துகளுக்குப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு வேண்டும். அரசு சுகாதாரத் திட்டங்களில் நர்ஸ்களும் ஏ.என்.எம்.களும் மருந்து விநியோகிக்க மட்டும் அதே விதிகளில் ஒரு விலக்கு உண்டு. அந்தச் சந்தில்தான் கிராமத்து வைத்தியமே நடந்துகொண்டிருக்கிறது. மத்திய அரசின் 2010-ம் வருட வழிகாட்டி இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டது. ரத்தப்போக்கைத் தடுக்கிற மருந்து, வலிப்பு கண்ட கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்ஃபேட் ஊசியின் முதல் டோஸ், கிருமித் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் முதல் டோஸ். கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. கென்டக்கி கையேட்டின் தூரத்துச் சொந்தம்.

2001-03-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 301 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த நாடு இது. 2018-20-ல் அது 97. இதற்கு நூறு காரணம் உண்டு. ரோடு வந்தது, 108 ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியது. அந்த நூறில் ஒன்று, பக்கத்தில் இருந்தவளின் கையில் மருந்தைக் கொடுத்தது.

அடுத்த படி? 2018-ல் நர்ஸ்களுக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து, தனித்துப் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி நிபுணர்களாக ஆக்கும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு, சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் கொடுக்கலாம் என்றது. நாடு முழுக்க டாக்டர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். நகரத்துக்கு டாக்டர், கிராமத்துக்கு அரை டாக்டரா என்று கேட்டார்கள்.

நல்ல கேள்விதான். கிராமத்தானுக்கு இது போதும் என்கிற அலட்சியத்தில் கொடுத்தால் கொடுமைதான். வலியை வேகப்படுத்துகிறேன் பேர்வழி என்று தகுதியில்லாத ஆட்கள் ஆக்ஸிடோசின் ஊசியைப் போட்டு, தாயும் சேயும் பலியான கதைகள் நம் நாட்டில் உண்டு. 1824-ல் ஹோசாக் கத்தியது இன்றைக்கும் காதில் விழத்தான் வேண்டும். ஆனால் அந்த அபாயத்தைக் காட்டி, பயிற்சி பெற்ற நர்ஸின் கையைக் கட்டிப்போடுவது எந்த ஊர் நியாயம்? டாக்டர் பதவி காலியாகக் கிடக்கிற ஊரில் நோயாளிக்குக் கிடைப்பது அரை டாக்டர்கூட இல்லை. பெட்டிக்கடை மாத்திரைதான்.

இந்த நீண்ட கதையில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நர்ஸ்கள் மருந்து கொடுக்கலாமா என்பது எப்போதுமே கேள்வியாக இருந்ததில்லை. இரவு இரண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரி வார்டிலும் யார் முடிவெடுக்கிறார்கள் என்று அங்கே படுத்திருந்தவர்களைக் கேளுங்கள். காலையில் டாக்டர் வந்து கையெழுத்துப் போடுவார். நல்லபடியாகப் போனால் சிகிச்சை டாக்டருடையது. ஏதாவது ஆகிவிட்டால் சஸ்பெண்ட் ஆகிறவர் நர்ஸ். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அடுத்த முறை போகும்போது, பிரசவ அறை நர்ஸிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ராத்திரி டாக்டர் இல்லாதபோது ரத்தப்போக்கு வந்தால் எந்த மருந்தைக் கொடுக்க உங்களுக்கு எழுத்தில் அனுமதி இருக்கிறது? பதில் சட்டென்று வந்தால் அந்த ஊர்ப் பெண்கள் நிம்மதியாகத் தூங்கலாம். யோசித்தார் என்றால், குறை அவரிடம் இல்லை. எழுதிக் கொடுக்காதவர்களிடம்.